விசாகப்பட்டினம்: இரவல் மணலில் ஒரு கடற்கரை

சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் ரயிலில் ஒரு தடவையாவது பிரயாணம் செய்த அன்பர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். விசாகப்பட்டினம் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் கொண்டுபோய் மாட்டுவார்கள். அதுவரை வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குப் பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தச் சிறிது அவகாசத்தில் பிளாட்பாரத்தில் இறங்கி, காபி என்ற பெயரில் எதையோ குடித்துவிட்டு, "இந்த ஊர் பீச் ரொம்ப நன்னா இருக்குமாம், ஒரு தரம் வரணும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஏறிவிடுவோம். நம்மவர்களில் பாதிப் பேருக்கு விசாகப்பட்டினம் என்றால் அந்தப் பிளாட்பாரம்தான்.

எனக்கு அப்படி இல்லை. என் தகப்பனார் அங்கே துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்தார். 1958 முதல் 1967 வரை எங்கள் வாசம் அங்கேதான். அந்த ஊர்க் கடற்கரையைப் பற்றி நான் வீட்டில் சொல்லிச் சொல்லி, என் பெண்ணின் குடும்பத்தார் போன வருஷம் டிசம்பரில் என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆர்.கே. பீச்சில் இறங்கியதும் பத்து வயதுப் பேரன் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, ஓடி ஓடிக் கால் வலிக்கும்னு சொன்னியே, அந்த மணலெல்லாம் எங்கே?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த ஊரின் சரித்திரம் முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். காசி யாத்திரை போன ஓர் அரசர் வழியில் இங்கே தங்கினாராம். இடம் பிடித்துப்போய், தம் குலதெய்வமான விசாகேஸ்வரருக்குக் கடலோரம் ஒரு கோயில் கட்டினாராம். அந்தத் தெய்வத்தின் பெயரே ஊருக்கு வந்தது. கோயிலைப் பிறகு சமுத்திரம் கொண்டுபோய்விட்டது. லாஸன்ஸ் பே என்ற வளைகுடாவுக்குத் தெற்கே அது இருந்ததாக ஐதீகம். கோயில் மறைந்த பிறகும் விசேஷ நாட்களில் ஜனங்கள் அந்த இடத்தில் சமுத்திர ஸ்நானம் செய்துவந்தார்கள் என்று பழைய ஜில்லா கெஜட்டியரிலேயே பதிவாகியிருக்கிறது. இந்தக் கதையில் அரசர் யார் என்பதைவிட, கடல் கரையைத் தின்ற விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அரசரைச் சோழர் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதலாம் குலோத்துங்கன் (ஆட்சிக்காலம் 1070–1122) தாய்வழியில் சோழன், தகப்பன்வழியில் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன். அவன் காலத்தில் இந்தக் கரை முழுவதும் சோழர் செல்வாக்கின் கீழ் வந்தது. கல்வெட்டுகளில் விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழப் பட்டினம் என்ற மறுபெயர் வருகிறது. அவனுடைய தளபதி கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரைத்தான் ஜயங்கொண்டார் பரணியாகப் பாடினார். பள்ளிக்கூடத்தில் நாம் பரணியை மனப்பாடம் செய்தோம். படை நடந்த பாதை இந்தப் பக்கம்தான் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

குலோத்துங்கன் காலத்துச் சாட்சியை இன்றும் சிம்மாசலத்தில் பார்க்கலாம். ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் மலைமேல் வராஹ லக்ஷ்மி நரசிம்மர் கோயில். அங்குள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் மிகப் பழையது 1098–99ஆம் வருஷத்தது. யாரோ ஒரு தனிமனிதர் நந்தவனம் கொடுத்த செய்தி. ராஜாவின் பிரதாபம் எதுவும் இல்லாமல், பூச்செடிகளோடு ஒரு கோயிலின் எழுதப்பட்ட சரித்திரம் ஆரம்பிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது நாம் காணும் கோயில் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டுத் திருப்பணி. கோனார்க் சூரியன் கோயிலைக் கட்டிய கீழைக் கங்க மன்னர் முதலாம் நரசிம்ம தேவரின் பெயரோடு அது சேர்த்துச் சொல்லப்படுகிறது. கிருஷ்ணதேவராயர் கஜபதிகளோடு யுத்தம் செய்து ஜயித்த பிறகு 1516லும் 1519லும் இங்கே வந்து ஆபரணங்கள் சமர்ப்பித்தார். வருஷம் முழுவதும் ஸ்வாமி சந்தனக் காப்பிலேயே இருப்பார். லிங்கம் போன்ற வடிவம்தான் கண்ணுக்குத் தெரியும். அக்ஷய திருதியை அன்று ஒரு நாள் மட்டும் சந்தனத்தைக் களைந்து நிஜரூப தரிசனம். அன்றைக்குக் கூட்டம் தாங்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் வேறு நாளில் போவதே உத்தமம்.

வெள்ளைக்காரர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1680களில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்தது. 1689ல் மொகலாயர் அதைப் பிடித்துக்கொண்டனர். 1757ல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி கைப்பற்றினார். மறு வருஷமே அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிவிட்டது. 24 கிலோமீட்டர் வடக்கே பீமுனிப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்னும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன.

ஊருக்கு வடக்கே மேட்டில் வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டிக்கொண்ட பகுதிக்கு வால்டேர் என்று பெயர். ரயில் வந்தபோது ஸ்டேஷனுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். பழைய தலைமுறை இன்னும் வால்டேர் என்றுதான் சொல்லும். 1890களில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் ரயில் இணைந்ததும், காற்று மாற்றத்துக்காக வங்காளக் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. இந்த ஊர் உல்லாச ஸ்தலமானது அவர்களால்தான் என்று சொன்னால் மிகையில்லை. இன்றைக்கும் துர்க்கா பூஜை விடுமுறையில் கடற்கரையில் காதில் விழும் பாஷை தெலுங்கா வங்காளியா என்று சந்தேகம் வரும்.

ரயில் வருவதற்குச் சற்று முன்னாலேயே, 1892ல், தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இங்கே வந்து சேர்ந்தது. குடும்பத் தலைவர் ஆர். சந்திரசேகர ஐயர், திருமதி ஏ.வி.என். கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் விரிவுரையாளர் வேலை. கூட வந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பையன் செயின்ட் அலோஷியஸ் பள்ளியில் படித்து 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். தகப்பனார் கல்லூரியிலேயே எஃப்.ஏ. முடித்துவிட்டு 1903ல் சென்னை பிரஸிடென்ஸி கல்லூரிக்குப் போனான். சர் சி.வி. ராமன் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகரின் தகப்பனார் இந்தப் பையனின் அண்ணா. கடலின் நீலம் எதனால் என்ற கேள்வி ராமனுக்கு 1921ல் மத்தியதரைக் கடலில் கப்பலில் போகும்போது எழுந்தது. வால்டேர்க் கடலுக்கு அந்தப் பெருமையில் பங்கு கேட்டு நான் வழக்காட மாட்டேன். ஆனால் பதினோரு வருஷம் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர் என்பது மட்டும் உண்மை.

ராமன் பையனாக இருந்தபோது பார்த்த ஊர் வேறு. துறைமுகமே கிடையாது. கப்பல்கள் எட்ட நின்று நங்கூரம் போடும். படகுகள்தான் சாமானையும் மனிதரையும் கரை சேர்க்கும். டால்ஃபின் மூக்கு என்று சொல்லப்படும் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஓர் உப்பங்கழி, சேறு, சதுப்பு. 1914ல் கர்னல் கார்ட்ரைட் ரீட் என்பவர் அந்தச் சதுப்பைத் தோண்டினால் இயற்கையான அரணோடு கூடிய துறைமுகம் கிடைக்கும் என்று சிபாரிசு செய்தார். யுத்தம் குறுக்கிட்டது. 1925ல் இந்திய சர்க்கார் அனுமதி தந்தது. மத்திய மாகாணத்து மாங்கனீஸ் தாதுவைக் கப்பலேற்ற வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அதற்காகவே ராய்ப்பூரிலிருந்து ஆந்திராவின் விஜயநகரத்துக்கு ரயில் பாதை போட்டு 1931ல் முடித்தார்கள். 1933 அக்டோபர் 7ஆம் தேதி சிந்தியா கம்பெனியின் 'ஜலதுர்கா' முதல் கப்பலாக உள்ளே நுழைந்தது. டிசம்பர் 19ஆம் தேதி வைஸ்ராய் வெல்லிங்டன் பிரபு முறைப்படி திறந்துவைத்தார்.

இனிதான் பேரனின் கேள்விக்கு வருகிறேன்.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் எதிர்த்திசையில் திரும்பும். ஆனால் அது குறைவு. வரவு செலவு பார்த்தால் வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறது. குறுக்கே ஒரு சுவரை நீட்டினால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை பட்டினி கிடக்கும்.

சென்னை அன்பர்களுக்கு இது கண்முன்னால் இருக்கிறது. 1870களில் துறைமுகச் சுவர் எழும்புவதற்கு முன் மெரினாவில் இவ்வளவு மணல் கிடையாது. அலை சாலைக்கு அருகிலேயே அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகம் வந்தது, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்தில் கடல் வீடுகளை விழுங்கியது. கல்லைக் கொட்டிக் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. மெரினாவில் காற்று வாங்குகிற நாம் ராயபுரத்தை நினைப்பதில்லை. விசாகப்பட்டினத்தின் துரதிர்ஷ்டம், ஊரும் அதன் கடற்கரையும் துறைமுகத்துக்கு வடக்கே அமைந்துவிட்டன. அதாவது அந்த ஊருக்கு வாய்த்தது மெரினா அல்ல, ராயபுரம்.

துறைமுகத்தைக் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வாய்க்கால் தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு யுக்தி செய்தார்கள். ஜானஸ், வெல்லட்ஸன் என்ற இரண்டு பழைய கப்பல்களைக் கொண்டுவந்து நுழைவாயிலுக்குத் தெற்கே வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அவை அலைத் தடுப்பாக நின்றன. அவற்றின் மறைவில் வருகிற மணல் படியும். அங்கிருந்து தூர்வாரும் கப்பல் அதை வாரி எடுக்கும். வருஷா வருஷம், நிற்காமல். என் தகப்பனார், "மத்த ஊர்ல அரிசிக்கும் பருப்புக்கும் லெட்ஜர், இந்த ஊர்ல மணலுக்கும் லெட்ஜர்" என்பார். டிரெட்ஜர் செலவைப் பதிந்து பதிந்து அலுத்துப்போன மனிதர்.

இருந்தாலும் எங்கள் நாளில் கரை அகலமாகத்தான் இருந்தது. பின்னர் ஜப்பானுக்கு இரும்புத் தாது ஏற்றுமதிக்காகப் பெரிய கப்பல்கள் வரவேண்டி, வெளித் துறைமுகம் கட்டி 1976ல் திறந்தார்கள். புதிய அலைத் தடுப்புச் சுவர்கள் இன்னும் நீளமாகக் கடலுக்குள் போயின. அதன் பின் ஆர்.கே. பீச் மெலியத் தொடங்கியது. (ராமகிருஷ்ண மிஷன் ஆசிரமம் அங்கே இருப்பதால் ஏற்பட்ட பெயர் அது.) இப்போது தூர்வாரிய மணலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கரையிலேயே கொட்டுகிறார்கள். அதாவது உல்லாசப் பிரயாணிகள் உட்கார்ந்து மக்காச்சோளம் கடிக்கிற மணல், துறைமுகம் ஒரு கையால் வாங்கி மறு கையால் திருப்பித் தருகிற மணல். படகை இழுத்து ஏற்றிவைக்கவும் வலை உலர்த்தவும் கரை வேண்டிய மீனவர்களுக்கு இது உல்லாச விஷயம் அல்ல.

யோசித்துப் பார்த்தால் இந்த ஊரில் பிரயாணிகள் ரசிக்கிற பலவும் பிரயாணிகளுக்காக உண்டானவை அல்ல. எல்லோரும் ஆசைப்பட்டுப் போகும் அரக்குப் பள்ளத்தாக்கு ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தவலசையிலிருந்து கிரந்துல் வரை 1960களில் போட்ட அந்தப் பாதை, பைலாடிலா மலை இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக ஜப்பான் உதவியோடு ஏற்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். சிமிலிகுடா ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 996 மீட்டர். 2017 முதல் கண்ணாடிக் கூரைப் பெட்டியும் இணைத்திருக்கிறார்கள். பேரன் சுரங்கங்களை எண்ணிக்கொண்டு வந்தான். நான் எதிரே வந்த தாது வண்டிகளை எண்ணினேன். அவன் தூங்கிவிட்டான், என் கணக்கு முடியவில்லை.

பீமுனிப்பட்டினம் சாலையில் தொட்லகொண்டா என்ற குன்றின்மேல் ஒரு பௌத்த விஹாரம் இருக்கிறது. 1970களில் கடற்படை ஆய்வு ஒன்றின்போதுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. 1988 முதல் 1993 வரை அகழ்ந்தார்கள். பாறையில் குடைந்த நீர்த்தொட்டிகளால் வந்த பெயர். ரோமானிய வெள்ளிக் காசுகளும் அங்கே கிடைத்தன. பிக்ஷுக்களுக்கு ரோமாபுரிக் காசு எதற்கு என்று கேட்கலாம். கப்பல் வியாபாரிகள் காணிக்கை செலுத்தியிருப்பார்கள். மாலை நாலு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது.

கடற்கரையில் பெரிய கூட்டம் சேரும் இடம் ஐ.என்.எஸ். குர்ஸுரா. 1969ல் சோவியத் யூனியனிலிருந்து வந்த நீர்மூழ்கி. 2001ல் ஓய்வு பெற்றது. அதைக் கடலிலிருந்து இழுத்துக் கரையேற்றி, 2002ல் காட்சிசாலையாக்கினார்கள். 91 மீட்டர் நீளம், உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்றால் நம்ப முடியவில்லை. நம் வீட்டு அலமாரி அளவு இடத்தில் சமையலறை. சுற்றிக்காட்டுபவர்கள் ஓய்வுபெற்ற கடற்படையினர். படித்து ஒப்பிப்பவர்கள் அல்ல, அனுபவித்துச் சொல்பவர்கள்.

அதற்கு அருகில் 1971 யுத்த வெற்றியின் நினைவுச் சின்னம். அந்த யுத்தத்தில் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை வேட்டையாடப் பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி வருகிறது என்று தெரிந்ததும், விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டார். ஆனால் அது விசாகப்பட்டினத்திலேயே இருப்பதுபோல் பாவனை செய்தார். போலி வயர்லெஸ் செய்திகள் போயின, கப்பலுக்கென்று உணவுப் பொருள்கள் ஏராளமாக வாங்கப்பட்டன. டிசம்பர் 3–4 நள்ளிரவில் துறைமுக வாயிலுக்கு வெளியே பெரிய வெடிச்சத்தம். காஜி அதிலிருந்த தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கிவிட்டது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய குண்டால் என்பது நம் கட்சி; தன் கண்ணிவெடியாலேயே என்பது அவர்கள் கட்சி. கப்பல் இன்னும் அங்கே கடலடியில்தான் கிடக்கிறது. கரையில் ஒரு நீர்மூழ்கிக்குள் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள், சில மைல் தூரத்தில் இன்னொன்று தன் மனிதர்களோடு கிடக்கிறது.

இந்த ஊருக்கு யுத்தம் புதிதல்ல. 1942 ஏப்ரல் 6ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. ஊர் காலியாயிற்று, ஆந்திரப் பல்கலைக்கழகமே குண்டூருக்கு இடம் பெயர்ந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் வால்சந்த் ஹீராசந்தின் கப்பல் கட்டும் தளத்துக்கு ராஜேந்திர பிரசாத் அஸ்திவாரக் கல் நாட்டியிருந்தார். அங்கே கட்டிய 'ஜல உஷா'வை 1948 மார்ச் 14ஆம் தேதி நேரு நீரில் இறக்கினார். சுதந்திர இந்தியாவில் நீரில் இறங்கிய முதல் பெரிய நீராவிக் கப்பல்.

கைலாஸகிரி பூங்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரோப்கார் உண்டு, பிரம்மாண்டமான சிவன்-பார்வதி சிலை உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். மேலிருந்து பார்த்தால் கரை எங்கெங்கே மெலிந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். எனக்கு அதுதான் விசேஷம். 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் நேராக இந்த ஊரின்மேல் கரையேறியபோது அந்தக் குன்று மொட்டையாகிவிட்டது. விமான நிலையத்தின் கூரை பெயர்ந்தது. கடற்கரைச் சாலையின் ஓரம் பல இடங்களில் இடிந்தது. மெலிந்த கரைக்குப் புயலைத் தாங்கும் சக்தி ஏது? அகலமான மணல் இருந்தால் அலை அதில் தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சாலையில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். மரங்கள் மறுபடி வளர்ந்திருக்கின்றன.

போக நினைக்கும் அன்பர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கடல் பார்க்க அழகு. இறங்கிக் குளிப்பதற்கு ஆர்.கே. பீச் ஆபத்தானது. அலை காலுக்கடியில் மணலை இழுத்துவிடும்.

கிளம்புகிற நாள் காலையில் பேரனை அழைத்துக்கொண்டு மறுபடி கரைக்குப் போனேன். டால்ஃபின் மூக்குக்கு இந்தப் பக்கம் ஒரு தூர்வாரும் கப்பல் நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தது. அது என்ன செய்கிறது, இந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் புரியும்படி சொன்னேன். கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்தான். பிறகு, "அப்போ தினமும் கொட்டினாத்தான் இருக்குமா தாத்தா? ஒரு வருஷம் மறந்துட்டா?" என்றான். அவன் அம்மா ரயிலுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டாள். காலில் ஒட்டிய மணலைத் தட்டப் போனவன், என்ன நினைத்தானோ, குனிந்து அதைக் கரையிலேயே உதறிவிட்டு வந்தான்.